புறங்கை

முதல் சொம்புத் தண்ணீர் அவன் தலையில் விழும் சத்தம் கேட்கிறது. இனி அவன் வெளியே வரும்வரை எனக்கு நேரம் இருக்கிறது. எண்ணெய் போகச் சீயக்காய் தேய்த்து, அலசி, துவட்டிக்கொண்டு ஒரு ஆண்பிள்ளை வெளியே வருகிற நேரம், அவ்வளவுதான். குளியலறைக் கதவுக்கு வெளியே, சுவிட்ச் பலகைக்குக் கீழே பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போனைத் திறக்கிறேன். திரை என் விரலை ஏற்க மறுக்கிறது. விரலில் எண்ணெய். இன்று இந்த வீட்டில் எல்லார் கையிலும் எண்ணெய்தான். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறேன், திறந்துவிட்டது. வெளியே இன்னும் விடியவில்லை. தெருமுனையில் யாரோ அணுகுண்டு வைக்கிறார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, ஒவ்வொரு வெடிக்கும் என் கண்ணுக்குள் ஒரு தலை சிதறுகிறது. யாருடைய தலை என்று பார்க்க வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் பார்க்கிறேன். எண்ணெய் வழியும் தலை, காதோரம் மச்சம், இப்போது உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிற தலை, என் மருமகன் யுகேந்திரனின் தலை. அவனுக்கு இது தலை தீபாவளி. நேற்று மாலை ஈரோட்டிலிருந்து காரில் வந்து இறங்கினான், நான் வாசலில் நின்று 'வாங்க மாப்ள' என்றேன், என் மனைவி வளர்மதி ஆரத்தி எடுத்தாள். பின்னால் தாரணி இறங்கினாள். என் ஒரே மகள். துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போட்டிருந்தாள். பனி என்று நினைத்தேன். ஐப்பசியில் ஏது பனி என்று ஏன் நான் நினைக்கவில்லை?

காயின் வாங்கி விற்கிற எக்ஸ்சேஞ்சின் செயலி திறக்க நேரம் எடுக்கிறது, வட்டம் சுற்றுகிறது, இந்த வீட்டுக்குள் டவர் கிடைக்காது, எல்லாம் வைஃபைதான், முன்கூடத்து ஆசாரத்தில் டிவிக்கு மேலே அந்த ரவுட்டர் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. சுற்று, சுற்று, திற. இதற்குள் இருப்பது தாரணியின் பிட்காயின். கோயமுத்தூரில் வேலை பார்த்த காலத்தில் சம்பளம் வந்ததும் ஒரு பங்கை இதில் போட்டுவிடுவாள். அவளுடைய பான் கார்டில் பெயர் தப்பாக விழுந்திருந்தது, திருத்திக்கொள்ளலாம் என்று கணக்கை என் பெயரில் திறந்தாள், திருத்தவே இல்லை, அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. எனக்கு அது என்னவென்று அப்போது புரியவில்லை. கையில் பிடிக்க முடியாத ஒன்றை ஏன் வாங்குகிறாய் என்றேன். 'நீங்க மட்டும் கரண்ட்டக் கையில புடிச்சா பாத்திருக்கீங்க?' என்று சிரித்தாள். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வி. அப்படிச் சிரிக்கிற பெண். நேற்றுச் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டே அவன் என் தோளில் கை வைத்தான். 'மாமா, அந்தக் காயின் கணக்கு உங்க பேர்லதான இருக்கு? போனைக் குடுங்க பாப்போம்.' கொடுத்தேன். கேட்டதும் கொடுத்தேன், அதுதான் இப்போது என்னை அறுக்கிறது, வெற்றிலைச் சாறு படிந்த விரலால் அவன் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, 'நல்லா ஏறியிருக்குதுங் மாமா. காலைல குளிச்சிட்டு வந்ததும் வித்து என் அக்கவுண்ட்டுக்குப் போட்டுருவோம். என் டைல்ஸ் கடைக்கு மேல ஒரு மாடி எடுக்கோணும். தலை தீபாவளிச் சீருன்னு வச்சுக்கலாம், என்ன?' என்றான். நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? மருமகன் கேட்டால் மாமனார் சிரிக்க வேண்டும், அந்தச் சிரிப்பு முகத்தில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, உள்ளே என்ன இருந்தாலும். அப்போது உள்ளே ஒன்றும் இல்லை. இப்போது இருக்கிறது.

இப்போது இருப்பது அரைமணி நேரத்துக்கு முன்னால் வந்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் எண்ணெய் வைக்க வேண்டும். வளர்மதி அவனுக்கு முதலில் வைத்தாள், உச்சியில் மூன்று விரலால் தொட்டு, பாட்டாகவே முனகிக்கொண்டு, அவன் 'அத்தை கை வெச்சா தூக்கமே வந்துருது' என்று கண்ணை மூடினான். அப்புறம் அவன் எண்ணெய் ஊறட்டும் என்று மொட்டைமாடிக்கு நடக்கப் போனான். தாரணி சமையலறைப் பலகையில் உட்கார்ந்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அது எனக்குப் பிடித்த காட்சி, சின்ன வயதிலிருந்து அவள் எண்ணெய் வைக்கும்போது முகத்தைச் சுளிப்பாள். வளர்மதியின் விரல் முடிக்குள் போனது. தாரணி 'ஸ்ஸ்' என்றாள். விரல் நின்றது. வளர்மதி விளக்குக்கு நேராக அவள் தலையைத் திருப்பி முடியை விலக்கினாள். பின்மண்டையில் ஒரு வீக்கம், அதற்குப் பக்கத்தில் முடியே இல்லாத ஒரு இடம், புதுத்தோல் செக்கச்செவேலென்று, எண்ணெய் பட்டுப் பளபளத்தது. 'என்ன கண்ணு இது?' 'கதவு இடிச்சிருச்சும்மா.' வளர்மதி அந்த இடத்தைச் சுற்றி விரலால் தடவினாள். பிறகு, 'கதவுக்குக் கை இருக்குதா அம்மிணி, கொத்தா முடியப் புடுங்கறதுக்கு?' என்றாள். அதற்கும் தாரணி அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முடியைப் பிடித்துச் சுவரில். வாஷிங் மிஷின் மூலையில் ஒரு தரம். 'அந்தக் காயினை உங்கப்பங்கிட்டச் சொல்லி வித்துக் குடு, வித்துக் குடுன்னு ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு இடி.' நான் நிலையைப் பிடித்துக்கொண்டேன். 'அப்பா, நான் திரும்பிப் போகல. ஆனா வெறுங்கையோட உங்க மேல வந்து உக்காரவும் மாட்டேன். அது நான் சம்பாதிச்சது. அவரு குளிக்கப் போனதும் அனுப்பிருங்க.' அவள் பைக்குள் கையை விட்டு மாதவிலக்குத் துணிப் பொட்டலத்தைப் பிரித்து, அதன் நடுவிலிருந்து பென் டிரைவ் மாதிரி ஒன்றை எடுத்தாள், காயினைப் பூட்டி வைக்கிற வாலட் என்றாள். அவன் கை வைக்காத ஒரே இடம்.

திறந்துவிட்டது. 'வித்ட்ரா'வை அழுத்துகிறேன். போன வாரம் அவள் போனில், காயின் போய்ச் சேர வேண்டிய ஒரு முகவரியை அனுப்பி, இதைக் கணக்கில் சேர்த்து வையுங்கள், புது முகவரி என்றால் ஒரு நாள் பூட்டி வைப்பார்கள், இப்போதே சேர்த்தால் தேவைப்படும்போது திறந்திருக்கும் என்றாள். சேர்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. என்ன அப்பன் நான். அவள் குரல் அன்று எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன், தாழ்ந்து, வேகமாக, பக்கத்து அறையில் ஆள் இருக்கிறவள் பேசுகிற குரல், நான் அன்று டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் மாற்றுகிற இடத்தில் நின்றுகொண்டு 'செரி கண்ணு, செரி கண்ணு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது தாரணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். தலை நிறைய எண்ணெய், முதுகு வரை வழிகிறது, இன்னும் குளிக்கவில்லை, மாப்பிள்ளை குளித்த பிறகுதான் அவள் முறை. மடியில் அவளுடைய பழைய லேப்டாப், அதில் அந்தச் சின்னக் கருவி செருகியிருக்கிறது. முகவரியின் முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் அடங்கிய குரலில் படிக்கிறாள், நான் திரையில் பார்த்துத் தலையாட்டுகிறேன். 'மொதல்ல கொஞ்சமா அனுப்புங்பா.' 'நேரமில்ல கண்ணு, மொத்தமா அனுப்பிரலாம்.' 'வேண்டாங்பா. ஒரு எழுத்து மாறுனாப் போனது போனதுதான். யாரையும் போய்க் கேக்க முடியாது.' சரிதான். நானே என் ஆட்களிடம் சொல்வதுதான். லைனை நிறுத்தியாச்சு என்று ஆபரேட்டர் சொன்னாலும் நம்பாதே, கரண்ட்டைத் தரைக்கு இறக்குகிற எர்த் ராடை மாட்டிப் பார்த்துவிட்டுக் கை வை. கொஞ்சமாக ஒரு தொகையை இட்டு, மெயிலில் வந்த குறியீட்டை அடித்து, உறுதி செய்கிறேன். 'பரிசீலனையில் உள்ளது' என்கிறது திரை. பரிசீலனை. யார் உட்கார்ந்து பரிசீலிக்கிறார்கள் தீபாவளி விடிகாலையில், அவர்களுக்குத் தெரியுமா இங்கே ஒரு பெண்ணின் மண்டையில் முடி இல்லை என்று.

'மாமா.' உள்ளிருந்து. தூக்கிவாரிப் போடுகிறது. 'என்னங் மாப்ள?' 'ரெண்டாவது பக்கெட்டு ஆறிக் கெடக்குதுங். கொஞ்சம் ஸ்விட்ச்சப் போடுங்க.' கீசர் நேற்று மதியம் போய்விட்டது. கடையில் கூட்டம், பழுது பார்க்க ஆள் இல்லை. வளர்மதி பரணிலிருந்து அந்தப் பழைய ஹீட்டர் ராடை எடுத்துக் கொடுத்தாள். அதை நான்தான் போன வருடம் பரணில் தூக்கிப் போட்டது. உறையில் ஒரு விரிசல் இருக்கிறது, தண்ணீரில் கரண்ட் கசிகிறது. நேற்று டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது பல்பு எரிந்தது. ஒரு நாள்தானே, சுவிட்ச் பக்கத்தில் நானே உட்கார்ந்துகொள்கிறேன், நான் நிறுத்திவிட்டுச் சொல்கிறவரை யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருப்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. 'போடறேன் மாப்ள, நான் சொல்ற வரைக்கும் தண்ணியில கை வெக்காதீங்க.' 'செரிங்க ஃபோர்மேன் சார்' என்று சிரிக்கிறான். கையை உயர்த்திச் சுவிட்சைப் போடுகிறேன். ராடு உறுமுகிற சத்தம் கதவு வழியாகக் கேட்கிறது. ஒரு மனிதனுக்கும் ஒரு பக்கெட் தண்ணீருக்கும் நடுவில் என் ஒரு வாக்கியம் மட்டும் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நிறுத்துகிறேன். 'இப்ப எடுத்துக்கங் மாப்ள.' சொம்பு முகக்கிற சத்தம். எத்தனை சுலபமாகச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால்? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அடிக்க வேண்டாம், கத்தி வேண்டாம், இத்தனை வருடம் கம்பம் ஏறிய கைக்கு வேலையே இல்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது மட்டும்தான்.

கருகிய உடம்பை நான் பார்த்திருக்கிறேன். மூலனூர் ரோட்டில் ஒருவன் கொக்கி போட்டுக் கரண்ட் திருடப் போய் அப்படியே கம்பியில் தொங்கினான், நாங்கள் போகும்போது அவன் விரல்கள் கம்பியைச் சுற்றி இறுகியிருந்தன, லைனை நிறுத்திய பிறகும் பிரிக்க முடியவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்தேன், ஒன்று உடைந்தது. கரண்ட் பிடித்தால் கை மூடிக்கொள்ளும். அதுதான் எங்கள் வேலையில் எல்லாருக்கும் முதலில் சொல்வது. சந்தேகம் இருந்தால் புறங்கையால் தொடு. புறங்கையில் பட்டால் கை சுருங்கித் தன் பக்கம் வந்துவிடும், பிழைத்துக்கொள்வாய். உள்ளங்கையால் தொட்டால் விரல் மூடும், மூடினால் நீ விட நினைத்தாலும் விட முடியாது. வாழ்க்கை முழுக்க எனக்கு இது பழகிவிட்டது. ஃப்ரிட்ஜைக் கூடப் புறங்கையால் தொட்டுவிட்டுத்தான் திறப்பேன். மனிதர்களையும் அப்படித்தான் தொட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது. சம்பந்தி வீட்டார் கூடுதலாகக் கேட்டபோது, கல்யாண மண்டபத்தில் அவன் சித்தப்பன் என் தம்பியைக் கெட்ட வார்த்தை சொன்னபோது, எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டு, சூடு தெரிந்ததும் பின்னால் வந்துவிட்டேன். அவன் அவள் தலையைச் சுவரில் இடிக்கும்போது கையை எப்படி வைத்திருப்பான்? முடியை முறுக்கிப் பிடித்திருப்பான், உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி. இடிக்கிற சத்தம் எப்படி இருக்கும், தேங்காய் மாதிரியா, இல்லை, தேங்காய் உடையும், தலை உடையாமல் திரும்பத் திரும்ப. அந்தச் சத்தத்தை என் காது நிறுத்த மாட்டேன் என்கிறது, வெளியே வெடிக்கிற ஒவ்வொன்றும் அந்தச் சத்தமாக இருக்கிறது. அவன் மண்டையை நான் இந்தக் குளியலறைச் சுவரில். ஒரு தரம் அல்ல. பற்கள் விழுவதை, மண்டை ஓடு உடைந்து எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து தண்ணீர் போகும் ஜாலிக்குழிக்கு ஓடுவதை. எனக்கு இதில் ஒரு ருசி இருக்கிறது. அதைத்தான் நான் பார்க்கக் கூடாது. அவனுக்கும் இப்படித்தான் ருசித்திருக்குமா, என்னைப் போல உட்கார்ந்த இடத்தில் நினைத்து நினைத்து, ஒரு நாள் கை மட்டும் எழுந்து போயிருக்குமா?

'அப்பா, வருது.' தாரணியின் உதடு மட்டும் அசைகிறது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறாள். சின்னத் தொகை அவள் வாலட்டில் தெரிந்துவிட்டது. இனி மொத்தம். 'எல்லாம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துகிறேன். அழுத்தும்போதுதான் அந்த எண்ணம் வந்து மாட்டுகிறது, காலையிலிருந்து எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது, இப்போது கொக்கி போட்டுக்கொள்கிறது. காலையில் அவள் சொன்னாள், எக்ஸ்சேஞ்சில் இருக்கிறவரை சாவி அவர்கள் கையில், நம்முடையது என்று பேர்தான், வாலட்டுக்கு வந்தால் சாவி பன்னிரண்டு வார்த்தை, இங்கிலீஷ் வார்த்தைகள், அந்தக் கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் அந்த வார்த்தைகள் இருந்தால் போதும். எங்கே எழுதி வைத்திருக்கிறாய் என்றேன். எழுதவில்லை, எழுதினால் அவர் எடுத்துவிடுவார், மனப்பாடம் என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். தலைக்குள். நான் இப்போது அனுப்பிக்கொண்டிருப்பது அந்தத் தலைக்குள்தான். யாரோ ஊர் பேர் தெரியாதவர்களின் பெட்டியிலிருந்து எடுத்து, அவன் முடியைப் பிடித்துச் சுவரில் இடிக்கிற தலைக்குள் கொண்டுபோய் வைக்கிறேன். இதுவரை அவன் என்னிடமிருந்து வாங்க அவளை அடித்தான். இனி அவளிடமிருந்தே வாங்க அடிப்பான். வார்த்தை வார்த்தையாக, பன்னிரண்டும். இது காப்பாற்றுவதா? கையை எடுத்துவிடலாமா, அவன் வெளியே வரட்டும், விற்றுக் கொடுத்துவிடலாம், தொலையட்டும், மகள் உயிரோடு இருக்கட்டும். ஆனால் விற்றுக் கொடுத்தால் நிறுத்துவானா, மாடி கட்டின பிறகு இன்னொரு மாடிக்கு இடிக்க மாட்டானா? விரல் திரைக்கு மேலே நிற்கிறது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் முகத்தில் என்ன தெரிகிறதோ, மெதுவாகத் தலையாட்டுகிறாள், ஆமாம் என்று, எல்லாம் யோசித்துவிட்டேன் என்று. குறியீட்டை அடிக்கிறேன். உறுதி செய். வட்டம் சுற்றத் தொடங்குகிறது.

'மாமா, இன்னொருக்காப் போடுங்க. கடைசித் தண்ணி.' என் வலது கையில் போன். இடது கை எழுந்து சுவிட்சைப் போடுகிறது. ராடு உறுமுகிறது. நான் சொல்ல வேண்டிய வாக்கியம் வாயில் இருக்கிறது. நான் சொல்ற வரைக்கும் தண்ணியில கை வெக்காதீங்க மாப்ள. தினமும் எத்தனையோ பேருக்குச் சொல்கிற வாக்கியம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வட்டம் சுற்றுகிறது. முன்னால் சொன்னதை அவனே நினைவு வைத்திருக்கலாம். வைக்காமலும் இருக்கலாம், கண்ணில் சீயக்காய், குளிர், அவசரம். சொம்பு பக்கெட்டின் விளிம்பில் உரசுகிறது, எவர்சில்வர்ச் சொம்பு, வளர்மதியின் கல்யாணச் சீர், நான் கேட்கிறேன், நான் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. உள்ளே ஒரு கத்தல், குட்டையாக, பாதியில் வெட்டியது போல. அதே நொடியில் என் தலைக்கு மேலே 'டப்' என்று ஒரு சத்தம். வீடு இருண்டுவிடுகிறது.

ட்ரிப்பர். இந்த வீட்டுக்கு நானே வாங்கி நானே மாட்டியது. கரண்ட் ஒரு உடம்பு வழியாகத் தரைக்குப் போக ஆரம்பித்த உடனே மொத்த வீட்டையும் நிறுத்திவிடும். ஊரில் எல்லாரிடமும் வாங்கி மாட்டச் சொல்வேன். அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். அதில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு, மாதம் ஒரு தரம் அழுத்திப் பார்க்க வேண்டும், கடைசியாக எப்போது அழுத்தினேன் என்று நினைவில்லை. வேலை செய்யும் என்று தெரிந்துதான் வாயை மூடினேனா? வேலை செய்யாமல் இருக்கட்டும் என்றா? இதை நான் எந்தச் சாமி முன்னால் நின்று சொல்வேன். உள்ளே அவன் இருமுகிறான், பிறகு சிரிக்கிறான், நடுங்குகிற சிரிப்பு. 'என்னங் மாமா, ஈபிக்காரரு வீட்டுலயே மாப்பிள்ளைக்கு ஷாக் ட்ரீட்மென்ட்டா? கையெல்லாம் சுர்ருங்குது.' உயிரோடு இருக்கிறான். எனக்குள் எழுவது நிம்மதியா ஏமாற்றமா, இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருமா? அப்போதுதான் போனைப் பார்க்கிறேன். வட்டம் நின்றுவிட்டது. 'இணைய இணைப்பு இல்லை.' ரவுட்டர். மொத்த வீடும் நின்றால் ரவுட்டரும் நிற்கும். எனக்குத் தெரியாதா, நான் மின்வாரியத்தில் ஃபோர்மேன், எது எந்த லைனில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இடது கை செய்ததை வலது கையில் இருந்தது வாங்கிக்கொண்டது. இருட்டில் தாரணியின் குரல், 'அப்பா?' போனதா, போகவில்லையா? ஒரு மனிதனை ஒரு நொடி செத்துப்போக விட்டதற்கு என் மகள் வெறுங்கையாக நிற்கப்போகிறாளா? தடவித் தடவி முதலில் ராடு சுவிட்சை நிறுத்துகிறேன், பிறகு ட்ரிப்பரின் கைப்பிடியை மேலே தள்ளுகிறேன். விளக்கு வந்துவிட்டது. ரவுட்டர் சிவப்பாக எரிகிறது. அது பச்சையாக வேண்டும். அது பச்சையாகிற நேரம் இருக்கிறதே, எத்தனை பேர் வீட்டில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பார்கள், அத்தனை பேரின் நேரமும் சேர்ந்து வருகிறது.

தாழ்ப்பாள் திறக்கிறது. இடுப்பில் துண்டோடு அவன் வெளியே வருகிறான். தலையில் பாதி சீயக்காய் அப்படியே இருக்கிறது, கண் சிவந்திருக்கிறது, வலது கையை உதறிக்கொண்டே இருக்கிறான். 'போதும் சாமி, இத்தோட உசுரோட விடுங்க' என்று இன்னும் சிரிப்புதான். 'மாமா, போனக் குடுங்க. மொதல்ல அந்த வேலைய முடிச்சிருவோம், மத்தாப்பூ அப்புறம்.' கையை நீட்டுகிறான், நான் கொடுப்பதற்குள் அவனே எடுத்துக்கொள்கிறான். டிவிக்கு மேலே பச்சை வந்துவிட்டது. அவன் திரையைத் தள்ளுகிறான். மறுபடி தள்ளுகிறான். 'என்னங் மாமா, ஒண்ணுமே இல்லைங்குது.' நிமிர்கிறான். 'நேத்து இருந்துச்சே?' சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்கிறது, அடியில் மட்டும் ஏதோ கழன்றுகொள்கிறது, அதை நான் முன்பே எங்கோ பார்த்திருக்கிறேன், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். 'எங்கிட்ட வந்துருச்சு' என்கிறாள் தாரணி. சமையலறை வாசலில் நிற்கிறாள். பின்னால் வளர்மதி எண்ணெய்க் கிண்ணத்தோடு. 'உங்கிட்டன்னா? எங்க?' 'என் தலையில.' அவள் குரல் நடுங்குகிறது, ஆனால் நிற்கவில்லை. 'பன்னண்டு வார்த்தை. எங்கயும் எழுதி வெக்கல. என் அம்மா அப்பன் முன்னாடி ஒடச்சு எடுத்துக்கோ, வா.' அவனை அவள் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். என்னைப் பார்க்கிறான், வளர்மதியைப் பார்க்கிறான், 'பாத்தீங்களா மாமா பேசறத? இதுக்குத்தான்...' என்று ஆரம்பிக்கிறான், வாக்கியம் முடியவில்லை, கை முந்திக்கொண்டது, பழகிய கை, இரண்டே எட்டில் போய் அவள் பின்தலை முடியை அள்ளி முறுக்குகிறது.

முடி நழுவுகிறது. நிறைய எண்ணெய், வளர்மதி இன்று கிண்ணம் கிண்ணமாக வைத்திருக்கிறாள், வீக்கத்தைச் சுற்றி, முடி இல்லாத இடத்தைச் சுற்றி, மறுபடி மறுபடி. அவன் கை முடிக்குள் மூடுகிறது, வெறும் கையாக வெளியே வருகிறது. எண்ணெய் வழியும் தன் உள்ளங்கையை அவன் பார்க்கிறான், புரியாதவன் போல. தாரணி பின்னால் போகவில்லை. அவன் வேட்டைக்காரன் மாதிரி மறுபடி கையை ஓங்குகிறான், இந்தத் தடவை முடிக்கு அல்ல, நானும் எழுந்திருக்கிறேன், எழுந்தது எனக்குத் தெரியவில்லை, ஸ்டூல் கவிழ்ந்து உருளுகிறது. அவன் மணிக்கட்டு என் கையில் இருக்கிறது. ஈரம், சூடு, உள்ளே ஓடுகிற ரத்தம் என் விரலில் தட்டுகிறது, சீயக்காய் வாசனை. உள்ளங்கையால் பிடித்திருக்கிறேன். வெளியே ஒரு சரம் வெடிக்கத் தொடங்குகிறது, நீளமான சரம், அவன் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் கேட்கவில்லை, பிறகு சரம் முடிந்து கேட்கிறது, 'மாமா, விடுங்க. வலிக்குதுங் மாமா. கைய விடுங்க.' விட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். விரல்கள் மூடிக்கொண்டுவிட்டன.